அக்கா விழுகிற விதம்

என்னால் எதையும் கிண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பதுளை நகரத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். தைலம் வாங்க வருகிறவரிடம்கூட எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பேன். "வாயில கொக்கி வச்சுப் பொறந்தவ" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட எனக்கே ரொம்ப நாளாக விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தது. ஒரு ஆள் விழுவதில் எது நிஜம், எது பொய்?

கேள்வி என் அக்காவைப் பற்றியது. அக்கா மல்யுத்தக்காரி.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்த பெண் மல்யுத்தக்காரியானதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மெத்தை வந்தது, அவ்வளவுதான். மாகாணப் போட்டிக்கு ஆள் போதவில்லை என்று கண்ணில் பட்ட பெண் பிள்ளைகளையெல்லாம் அதில் ஏற்றிவிட்டார்கள். விறகுக் கட்டோடு மலை ஏறி இறங்கிய அக்காவின் காலை யாராலும் தரையிலிருந்து பிடுங்க முடியவில்லை. சில வருடங்களிலேயே கொழும்பில் தேசிய சாம்பியன் ஆனாள். ஒலிபெருக்கியில் சிங்களத்தில் அறிவித்தவர் அவள் பெயரை மூன்று துண்டாக உடைத்துத்தான் சொன்னார். அது எங்கள் வீட்டுப் பெயர் என்று புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் தறிக்கிற வேலை. மாசி மாதம் வந்தால் தோட்டத்துக் காமன் கூத்தில் மதன் வேஷம் கட்டுவார். மல்யுத்தத்தின் புள்ளிக் கணக்கு அவருக்கு விளங்கவே இல்லை. ஒரு சட்டம் மட்டும் மண்டையில் ஏறியது: இரண்டு தோளும் சேர்ந்தாற்போல் மெத்தையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அக்கா புள்ளியில் தோற்றிருக்கிறாள். ஆனால் அவள் தோள் இரண்டையும் யாரும் மெத்தையில் அழுத்தியதில்லை.

பதக்கத்தோடு வந்த அன்று மெயின் ரோட்டிலிருந்து தப்பு அடித்து அவளைக் கூட்டி வந்தார்கள். அப்பா முன்னால் நடந்தார். "எம் மக முதுகு தரையப் பாத்ததில்லீங்க" என்று எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். கங்காணி சிரித்துக்கொண்டே, "அப்ப படுக்கையில அந்தப் புள்ள என்னாங்க செய்யும்?" என்று கேட்டார்.

"குப்புறப் படுக்கும்" என்றார் அப்பா.

பதக்கத்தைக் கழுத்தில் போடலாம், உலையில் போட முடியாது. விளையாட்டு வீரர்களுக்கு வேலை தருகிறோம் என்றவர்கள் வேறு யாருக்கோ தந்தார்கள். அக்கா கொஞ்ச காலம் ஒரு கார்மெண்டில் காலர் தைத்தாள். அப்போதுதான் மலேசியாவில் கயிறு கட்டிய மேடையில் காட்டும் மல்யுத்தக் காட்சிக்குப் பெண்கள் தேவை என்று ஆள் வந்தது. எங்கள் லயத்திலிருந்து வெளிநாடு போகிற பெண்கள் வீட்டு வேலைக்குத்தான் போவார்கள். அக்காவும் அப்படித்தான் போகிறாள் என்று பாதிப் பேர் கடைசி வரை நினைத்தார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வேண்டுமாம். அக்காவுக்குப் 'புலி' என்று வைக்கப் பார்த்திருக்கிறார்கள். "ஐயோ, அந்தப் பேரோட நான் எப்புடிங்க கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறங்குறது?" என்று கும்பிடு போட்டிருக்கிறாள். பிறகு அவளே 'அட்டை' என்று சொன்னாளாம். மழைக்காலத்தில் எங்கள் மலையில் காலில் ஏறி, எடுத்தாலும் விடாமல் தொங்கி, உப்புப் பட்டால் மட்டும் சுருண்டு விழும் அதே அட்டைதான். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அட்டை என்றால் கெட்டவள், கெட்டவள் என்றால் தோற்க வேண்டும். வாராவாரம் எதிராளியின் முதுகில் அக்கா ஏறி ஒட்டிக்கொள்வாள். எதிராளி இடுப்புப் பையிலிருந்து உப்பை எடுத்துத் தூவுவாள். அக்கா சுருண்டு விழுவாள். நடுவர் தரையைத் தட்டி மூன்று எண்ணுவார், அதற்குள் எழாவிட்டால் தோல்வி.

அந்தக் காட்சியின் வீடியோ ஒரு நாள் தோட்டத்து வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாரோ, "என்னாங்க, மீசையில மண்ணு ஒட்டலியே?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா வேலை முடிந்து வந்ததும் கத்தியை மூலையில் சாத்தினார்.

"உப்பப் போட்டா விழுறாளாம். தோக்குறதுக்குச் சம்பளமாம். இது என்னா பொழப்பு, வெறும் புரட்டு! இனிமே அவ போன் பண்ணுனா எங்கிட்ட குடுக்காதீங்க."

அன்றிலிருந்து இரண்டு வருடம் அப்பா அக்காவோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எழுந்து பின்பக்கத்து முட்டைக்கோவாப் பாத்திக்குப் போய்விடுவார். முளைக்காத களையைக்கூடப் பிடுங்குவார். அக்கா ஒவ்வொரு வாரமும், "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும்.

நான் என் பங்குக்கு அக்காவைத் துருவினேன். "பொய்யாத்தானே விழுற, அப்பறம் ஏன்க்கா தைலம் கேக்குற?"

"விழுறது நெசந்தான்டி. ஜெயிக்கிறதுதான் பொய்யி" என்றாள்.

போன மாசியில் அவள் குரல் மாறியிருந்தது. கழுத்து நோவு இறங்கவில்லையாம். ஒப்பந்தம் முடிகிறதாம், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். டாக்டர் வேண்டாம் என்கிறாராம்.

"அப்ப வந்துரு."

"அப்பா ஒரு வார்த்த கூப்பிட்டா வர்றேன். பேசாத வீட்டுல வந்து ஒக்காந்து நான் என்னா செய்ய? வெள்ளிக்கிழமைக்குள்ள அவருகிட்ட சொல்லு. இல்லாட்டி கையெழுத்துப் போட்டுருவேன்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கழுத்து நரம்பு அடிபட்டவர்களுக்கு என்ன மருந்து போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த மருந்தை அக்கா பெயருக்கு எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. அப்பாவிடம் இரண்டு நாள் கெஞ்சினேன். "அவளுக்குத் தெரியாதா?" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வீடியோவை மறுபடி போட்டேன். அவள் கழுத்து எந்த இடத்தில் அடிபடுகிறது என்று பார்க்கத்தான் மெதுவாக ஓடவிட்டேன். உப்பு விழுகிறது. வலது கை நெஞ்சுக்குப் போகிறது. உடம்பு பாதி திரும்புகிறது. இடது முட்டி மடங்குகிறது. பிறகு முதுகு. கடைசியாக ஒரு கை மட்டும் தூரப் போய், உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிகிறது. இதை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று மனம் அரித்தது.

பஸ் எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலைத் தாண்டியது. கூத்துக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சீட்டை விட்டு எழுந்தேவிட்டேன்.

சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மதனை எரிப்பதுதான் காமன் கூத்து. முழங்கால் தேய்கிற வரை அப்பா அந்த இடத்தில் வருடா வருடம் எரிந்து விழுந்தார். எரியப் போகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அவர் விழுந்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுவார்கள். மறுநாள் லயத்து வாசலில் அக்கா மதனாக விழுவாள், நான் ரதியாக ஒப்பாரி வைப்பேன். அதே நெஞ்சுக் கை, அதே இடது முட்டி, அதே உள்ளங்கை.

வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை அப்பா முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் தட்டிவிட்டார்.

"மொகத்தப் பாக்காதீங்கப்பா. கையக் கால மட்டும் பாருங்க. யாரு விழுற மாதிரி இருக்கு?"

வேண்டா வெறுப்பாகப் பார்த்தார். பிறகு போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். "இன்னொருக்கா போடு" என்றார். மூன்றாம் தடவை நான் போடவில்லை, அவரே விரலால் தட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பாவின் வலது கை அவருக்கே தெரியாமல் நெஞ்சுக்குப் போயிருந்தது.

"உப்பு நெசமான உப்பா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. கண்ணுல பட்டா எரியுமாம்."

"அவளக் கூப்பிடு."

அக்கா எடுத்ததும் நான்தான் என்று நினைத்து, "என்னடி, அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"முட்டி ஊனுறதுக்கு முன்னுக்கே தலைய விட்டுர்ற" என்றார் அப்பா. "அதான் கழுத்து நோவுது."

அக்கா கேட்டாள், குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

"நான் தோத்ததுல இன்னும் கோவமாப்பா?"

எத்தனையோ மாசியில் அந்தக் கட்டாந்தரையில் படுத்திருந்த மனுஷன் அப்பா. எரிந்த மதன் மூன்றாம் நாள்தான் எழுந்திருப்பான், அதற்குப் பிறகுதான் தோட்டத்தில் கூத்து முடியும்.

"மூணு எண்ணுனா தோத்துட்டதா எவன் சொன்னான்?" என்றார். "மூணுலதானே, ஆயி, எந்திரிக்கிறது. எந்திரிச்சு வா."