வெள்ளை பூத்த கதவு

சென்னையில் வானம் மூடிக்கொண்டு, கடலிலிருந்து சில்லென்று காற்று அடித்தால் எல்லோருக்கும் குஷி பிறந்துவிடும். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட "ஊட்டி மாதிரி கீதுல்ல?" என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் மர பாலிஷ் காண்ட்ராக்டர். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்ன ஷெட், ஒரு கம்ப்ரஸர், இரண்டு ஸ்பிரே கன். முப்பது வருஷத்துக்கு மேலாக இதே தொழில். ஊட்டி மாதிரி இருக்கும் நாளில் எங்களுக்கு வேலை நடக்காது. நடந்தால் கெட்டுப்போகும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்காக ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்கிற வேலை இல்லை.

புதன்கிழமை

திருவான்மியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு புது ஃப்ளாட். சுதா என்ற காலேஜ் டீச்சர் அம்மா வாங்கியது. மயிலாப்பூரில் பதினாறு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு. கணவர் முரளி கப்பலில் சீஃப் ஆபீஸர். சனிக்கிழமை மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டும். திரும்பி வர எட்டு மாதம் ஆகும். அதனால் தை மாதத்தின் அந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் கிரகப்பிரவேசம். தேதியை நகர்த்த வழியே கிடையாது.

வாசலுக்குத் தேக்கில் இரட்டைக் கதவு. பாலிஷ் போடுவதற்காக இரண்டையும் கழற்றிக் கீழே கார் பார்க்கிங்கில் சாய்த்து வைத்திருந்தோம். வியாழன் சாயங்காலம் மாட்டித் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தை பிறந்துவிட்டால் மழை இருக்காது என்பது எங்கள் கணக்கு. வடக்கிலிருந்து வறண்ட காற்று வரும். உதடு வெடிக்கிற நாள் பாலிஷுக்கு நல்ல நாள். இப்போதெல்லாம் அந்தக் கணக்கு உதைக்கிறது. அந்த வாரமும் கடலில் ஏதோ சுழற்சி. செவ்வாய் முழுக்கத் தூறல். புதன் மத்தியானம் மழை என்று போன் சொன்னது. நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆறரை மணிக்கே திருவான்மியூர் போய்விட்டேன். பைக் சீட்டில் பனி சொட்டியது. துடைத்துவிட்டு உட்கார்ந்து வந்தவன்தான் நான். அதைப் பார்த்தாவது யோசித்திருக்க வேண்டும்.

என் கூட்டாளி தாஸ் யோசித்தான். இருபது வருஷமாகக் கூட இருப்பவன்.

"மச்சி, காத்து ஈரமா கீது. பத்து மணி வரைக்கும் பாக்கலாமே."

"பத்து மணிக்கு மழை வந்தா நீ குடை புடிப்பியா? ஸ்டார்ட் பண்ணுடா."

எனக்கு எப்போதும் இந்த வியாதி உண்டு. சும்மா நிற்க முடியாது. கை பரபரக்கும். இரண்டு கதவுக்கும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்து முடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தேக்கின் ரேகை மங்க ஆரம்பித்தது. அரிசி மாவைக் கரைத்துத் துடைத்தாற்போல இரண்டு கதவும் வெளுத்து நின்றன. இதைத்தான் நாங்கள் வெள்ளை பூப்பது என்போம். லாக்கரை இளக்குவதற்குக் கலக்கும் தின்னர் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு சில்லிட்டுப்போகும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கே தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்க்கிற மாதிரிதான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. பொறுமையாக மெதுவாகக் காயும் தின்னரைத் தூவி சரிபண்ணப் பார்த்திருக்கலாம். ஒரு ஹாலஜன் லைட்டைக் கொண்டுவந்து இடது கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சூட்டில் ஈரம் போய்விடும் என்று நினைப்பு. லாக்கர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அப்பளம் பொரிந்தது போல.

"போச்சா?" என்றான் தாஸ்.

லைட்டை அணைத்தேன். மழை பிடித்துக்கொண்டது.

தின்னர் மேல் பழி

மத்தியானம் சுதா அம்மா வந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன ஏழுமலை, கதவு இப்படி வெளுத்துண்டு இருக்கே?"

"தின்னர் சரியில்லைம்மா. கம்பெனிக்காரன் கலப்படம் பண்ணிட்டான்" என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய். முப்பது வருஷ அனுபவம் அதற்கு மட்டும் உதவியது.

சாயங்காலம் முரளி சார் வந்தார். உயரமாக, அதிகம் பேசாத மனிதர். வெள்ளைக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதே தின்னரும் லாக்கரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒரு மரத்துண்டில் பூசச் சொன்னார். அந்தத் துண்டை மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்த ரூமில் அரை மணி நேரம் வைத்து எடுத்து வந்தார். கண்ணாடி போல இருந்தது.

"தின்னர் நன்னாத்தான் இருக்கு. கதவு வேர்த்துடுத்து. கப்பல்ல சரக்கு வேர்க்கும், பார்த்திருக்கேளா? குளிர்ற ஊர்லேர்ந்து சூடான கடலுக்கு வந்து, தெரியாம ஹோல்டை, அதான் சரக்கு அறையைத் திறந்துட்டா போறும், மொத்த மூட்டையும் நனைஞ்சுடும். மழையே வேண்டாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இரண்டு தெர்மாமீட்டர்

வியாழன் காலை ஏழு மணிக்கு இரண்டு கதவையும் தேய்க்க உட்கார்ந்தோம். வலது கதவு சீக்கிரம் முடிந்தது. கொப்புளம் வந்த இடது கதவுதான் உயிரை எடுத்தது. மரம் வரைக்கும் சுரண்ட வேண்டியிருந்தது.

முரளி சார் சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் பார்க்கிங் தூணில் கட்டினார்.

"துணி சுத்தினதுக்கு நன்னா விசிறி விட்டுப் பாருங்கோ. ரெண்டும் ஒரே டிகிரி காட்டினா காத்துல ஈரத்துக்கு இனிமே இடமில்லேன்னு அர்த்தம். அஞ்சு டிகிரி வித்தியாசம் வரட்டும். அதுவரைக்கும் கன்னைத் தொடாதேள்."

எட்டு மணிக்கு ஒரு டிகிரி. ஒன்பதுக்கும் ஒன்று. பத்துக்கு ஒன்றரை. நான் தெருமுனை டீக்கடைக்கும் தூணுக்கும் நடையாய் நடந்தேன். நாலு டீ குடித்தேன். போனில் மழை வரைபடத்தைப் பார்த்தேன், மூடினேன், மறுபடி பார்த்தேன். மேலே சமையல்காரர் பாத்திரம் இறக்கும் சத்தம் கேட்டது. கோலம் போட யாரோ வந்துவிட்டார்கள்.

"இன்னா மச்சி, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி போய்க்கினு வந்துக்கினு கீற? ஒக்காரு" என்றான் தாஸ்.

பன்னிரண்டரைக்குக் காற்று திரும்பியது. கடல் பக்கம் நின்றுபோய், மேற்கிலிருந்து லேசாக, வறண்டு வந்தது. வெயில் கூட எட்டிப் பார்த்தது. தெர்மாமீட்டரில் மூன்று, நான்கு, ஒரு மணிக்கு ஐந்தரை. வலது கதவுக்கு முதலில் மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்தேன். காயவிட்டு, தேய்த்து, முதல் கோட். பிறகு இரண்டாவது கோட். தேக்கின் ரேகை ஒவ்வொன்றும் எழுந்து வந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கதவு நான் அடித்ததில்லை.

இடது கதவைத் தேய்த்து முடித்தபோது மணி மூன்றே கால். அதற்குள் கடல் காற்று மறுபடி வந்துவிட்டது. முழங்கையில் சில்லென்று பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாஸ் துணிக்கு விசிறினான். இரண்டு டிகிரி.

சுதா அம்மா இறங்கி வந்தார். பூச்சில்லாமல் வெறும் தேக்காக நின்ற இடது கதவைப் பார்த்தார். "இதையும் அடிச்சுடுங்கோளேன். கொஞ்சம் வெளுத்தா வெளுத்துட்டுப் போறது. நாளைக்கு மனுஷா எல்லாம் வருவா. ஒண்ணு பளபளன்னு, ஒண்ணு வெறுமனேன்னா என்னமோ மாதிரி இருக்காதா?"

"ரெண்டு டிகிரி கீது. அடிச்சுப் பாக்கலாம் மச்சி" என்று தாஸும் சேர்ந்துகொண்டான்.

கன் என் கையில்தான் இருந்தது. லாக்கர் நிரம்பி இருந்தது. விரல் விசையில் இருந்தது. அடித்துவிட்டால் இந்த நரகம் முடிந்துவிடும் என்று உள்ளே ஒன்று நச்சரித்தது. முரளி சார் தூணருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னைக் கீழே வைத்தேன்.

"அடிக்க மாட்டேன்மா. இன்னிக்கு இது ஆவாது. தின்னர் மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து பனியில அடிச்சது நான், லைட் வெச்சு கொப்புளம் கிளப்புனதும் நான். அதனாலதான் இன்னிக்கு டைம் பத்தல. சொன்ன டைமுக்கு மாட்டிடறேன், ஆனா இது இப்படியே வெறும் மரமாத்தான் நிக்கும். மாசி பொறந்ததும் வந்து முடிச்சுத் தர்றேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. முரளி சார் மட்டும், "மாட்டுங்கோ, நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேன்" என்று கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கதவு மாட்டியாகிவிட்டது. கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன்: "வலது கதவுல ஒரு வாரத்துக்கு மஞ்சள் குங்குமம் வெக்காதீங்கம்மா. பாலிஷ் இன்னும் உள்ள காயல. கறை ஏறிடும்."

மாசி

கிரகப்பிரவேசத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது, போகவில்லை.

மாசியில் உதடு வெடிக்கிற ஒரு நாள் வந்தது. என் பையில் இப்போது கன்னோடு இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு துணியும் இருக்கின்றன. வாசலில் விசிறிப் பார்த்தேன், ஆறு டிகிரி. இடது கதவில் கண் உயரத்துக்கு மூன்று மஞ்சள் வட்டங்கள். நடுவில் குங்குமம். வெறும் மரம் என்பதால் நன்றாக உறிஞ்சிவிட்டது. ஒன்று கொஞ்சம் கோணல், கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது. எண்பதாம் நம்பர் தேய்ப்புக் காகிதத்தை எடுத்தேன்.

"அதைத் தேய்க்காதேள்" என்றார் சுதா அம்மா, அவசரமாக. "அவர் வச்சது. வலது பக்கம் வைக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னேளே, அதனால மூணும் இங்கேயே வச்சார்."

மஞ்சள் தின்னரில் கரைந்து ஓடும். அதனால் தள்ளி நின்று, பட்டும் படாமலும் தூவித் தூவி, இடையிடையே காயவிட்டு அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேர வேலைக்கு நாள் முழுக்க ஆனது. ஒருமுறை கூட டீக்கடைக்கு ஓடவில்லை.

"வெயில் பட்டா மஞ்சள் நாளாவட்டத்துல வெளுத்துடும்மா" என்று உண்மையைச் சொன்னேன்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"எட்டு மாசம் தாங்கும்."

"அது போறும்" என்றார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்றைக்கு ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லிவிடுங்கள். வேலை கைவிட்டுப் போகலாம், எனக்கே சில போயிருக்கின்றன. ஆனால் அந்த வியாழக்கிழமை மூன்றே கால் மணிக்கு நான் விசையை அழுத்தியிருந்தால், மறுநாள் அந்த மனிதர் விரல் வைக்கக் கதவில் இடமே இருந்திருக்காது.