ஆபித் பாஷாவுக்குப் புறா வாங்கிய கதை

என் தம்பி ஆபித் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவன். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் அவன் பெண்டாட்டி முனவ்வர் பேகமும் கைப்பிள்ளையும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அவன் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் தெருவில். பேயுமில்லை ஒன்றுமில்லை. என் தம்பியை எனக்குத் தெரியாதா?

ஹக்கீம் வந்து நாடி பார்த்தார். மருந்து கொடுக்கவில்லை. சின்ன வயதில் இவனுக்கு எதில் ஆசை என்று கேட்டார். புறா வளர்ப்பதில் என்றேன். அதையே வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவனுடைய தோஸ்த் ஹயாத் பாஷா ராணிப்பேட்டையிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். வளர்ந்த புறா பழைய கூட்டுக்கே திரும்பிப் பறந்துவிடும். அதனால் இறக்கைகளை நூலால் கட்டியிருந்தான். புது வீடு பழகும்வரை நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.

"இன்னாடா ஆபித், புறாவுக்காவது பதில் சொல்லுவியா?" என்று அவனையும் சீண்டிப் பார்த்தான்.

நாலு நாள் ஆபித் சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை. ஐந்தாம் நாள், பெட்டை ஏன் கம்பு தின்னவில்லை என்று எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் அவனே தண்ணீர் மாற்றினான். சுண்ணாம்பு அரித்த விரலால் அவற்றின் கழுத்தைத் தடவுவான். இருபதாம் நாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுத் தானாகவே பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குப் பார்த்து ஆண் புறாவின் இறக்கையை நூல் அறுத்து ரத்தம் கசிந்தது. இவ்வளவு பழகியது இனி எங்கே போகும், தம்பி திரும்பும்போது பறந்து காட்டட்டும் என்று இரண்டுக்கும் அவிழ்த்துவிட்டேன். கூரை மேல் ஒரு சுற்று சுற்றின. கிழக்கே போய்விட்டன.

அவன் வந்து கூண்டைப் பார்த்தான். என்னைத் திட்டவில்லை.

"அதுங்களுக்கு வூடு இருக்குதுக்கா. போய்ட்டுதுங்க," என்றான். சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டான்.

ஹயாத் ராணிப்பேட்டைக்குப் போய் அதே ஜோடியைத் திரும்பக் கொண்டுவந்தான். இந்தத் தடவை நாற்பது நாளும் கட்டி வைத்தேன். அவிழ்த்த பிறகும் அவை போகவில்லை. ஆபித்தான் தலையைத் திருப்பவில்லை.

ஹக்கீம் சொன்னதில் தப்பில்லை, தப்பு என் கையில். அவன் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை ஒன்றரை வருஷம், அவன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் புறாவுக்குக் கம்பு போட்டேன். வீண் வேலை என்றார்கள். நான் விடவில்லை.