எல்லாரும் மஞ்சளுக்கு மாறிய காலை

புயல் கடந்த மூன்றாம் நாள் காலை, மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து ஏழே நிமிடத்தில் போனது. அந்த ஏழு நிமிடத்தில் நான் செய்ததை வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் கீழே மீட்டர் பலகைக்கு ஓடினேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸில் மஞ்சளில் மட்டும்தான் மின்சாரம் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவிட்சைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் திருப்பினேன். மாடிக்கு வந்து அம்மாவின் ஆக்சிஜன் மெஷினைப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தொட்டி காய்ந்து கிடந்ததால் மோட்டாரையும் போட்டேன்.

தெருமுனையில் ஈபி பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். மெஷின் பீப் அடித்து நின்றது.

அம்மாவின் நுரையீரல் அந்த மெஷினை நம்பித்தான் இருந்தது. முதல் நாள் எங்கள் இன்வெர்ட்டரில் ஓட்டினோம். இரண்டாம் நாள் எதிர்வீட்டு மாமா தன் கூடத்தில் அம்மாவைப் படுக்கவைத்து, தன் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, மெஷினுக்கு மட்டும் இன்வெர்ட்டரைக் கொடுத்தார். அதுவும் விடியற்காலையில் தீர்ந்ததால் அம்மாவை எங்கள் மாடிக்கே கொண்டுவந்திருந்தோம். இப்போது மிச்சம் ஒரு சின்ன சிலிண்டர். குழாயை மறுபடி அதற்கு மாற்றி, முள்ளைப் பார்த்துக் கணக்கிட்டேன். இரண்டு மணி நேரம், கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சிலிண்டர் கடையில் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டதற்கு, வண்டிகள் வெள்ளத்தில் நிற்கின்றன, நேரம் சொல்ல முடியாது என்றார்கள்.

“கீழ என்ன சத்தம்?” என்றாள் அம்மா.

“சண்டைம்மா. நீ பேசாத.”

பெட்டியைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் தெருவே நின்றது. நடுவில் ஈபி லைன்மேன். அவருடைய பைக் சாவியை யாரோ உருவி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு மாமா, ஆளுங்கட்சி வட்டச் செயலாளரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ஓட்டுப் போடலைன்னு பழி வாங்கறேளா? கவுன்சிலர் தெருவுல மட்டும் ஜெகஜ்ஜோதியா எரியறதே!”

“இன்னா சார், நாங்க இன்னா ஃபியூஸப் புடுங்கி பாக்கெட்ல வச்சிகினா சுத்துறோம்? உங்காளுங்க ஆட்சில ஒரு வாரம் இருட்டுல கெடந்தோமே, மறந்துபூச்சா?”

“கட்சிக் கூட்டம்னா கம்பத்துல கொக்கி போட்டு லைட்டு எரிய வுடுறீங்க. இப்ப எங்க போச்சு அந்தக் கொக்கி?” என்றார் இஸ்திரிக்காரர். சிரிப்பு எழுந்தது, அதில் வெறுப்பும் இருந்தது.

லைன்மேன் மூன்று நாளாகத் தூங்காதவர் போலிருந்தார். “ஃபியூஸ இன்னும் ஒருவாட்டிதான் போடுவேன். மறுபடி போச்சுன்னா கேபிளே பூடும். தண்ணிக்குள்ள கீது, தோண்டி எடுக்க மூணு நாள் ஆவும்.”

“மெரட்டுறியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மெரட்டல நைனா. சாவியக் குடு. இன்னும் எட்டு தெரு கீது எனக்கு.”

ஃபியூஸ் ஏன் போனது என்று எனக்குத் தெரியும். நான் படித்தது மின் பொறியியல். கட்டடங்களுக்கு மின்சுமை கணக்குப் போடுவதுதான் வேலை. மூன்று ஃபேஸில் ஓட வேண்டிய தெரு முழுவதும் ஒரே ஃபேஸுக்கு மாறிவிட்டது. மோட்டார், ஃபிரிட்ஜ், காலியான இன்வெர்ட்டர்கள், எல்லாம் ஒரே நேரத்தில். சொன்னால் கோபம் என் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் அந்தக் கடைசி ஃபியூஸும் போகும்.

“யாரும் புடுங்கல,” என்றேன். “நாமதான் போக்கினோம். எல்லாரும் மஞ்சளுக்கு மாத்திட்டோம். முதல்ல மாத்தினது நான்தான். மோட்டாரும் போட்டேன்.”



“நீ படிச்சவ. நீயே இப்படிப் பண்ணலாமோ?” என்றார் மாமா.

“கேட்டுக்கினியா சார்!” வட்டச் செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “சும்மா கவுர்மெண்ட்ட திட்டிகினு!”

“அண்ணே, மத்த ரெண்டு ஃபேஸ் மூணு நாளாகியும் ஏன் வரலன்னு நீங்கதான் சொல்லணும். அத அப்புறம் பேசுவோம். அம்மாக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் ஆக்சிஜன் இருக்கு.”

மாமாவின் விரல் இறங்கியது.

பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பதினோரு கட்டடங்களையும் எழுதினேன். மஞ்சளில் ஏற்கெனவே இருந்தவர்கள் இருக்கலாம். மாற்றியவர்கள், இருட்டானாலும், பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். மாற்றியதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் விலக்கு, அதுவும் மெஷினுக்கு மட்டும். மஞ்சளில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு விளக்கு. மோட்டார் வரிசைப்படி. வலப்பக்கம் மாமாவும் இடப்பக்கம் வட்டச் செயலாளரும் போனார்கள். தன் வீட்டுக்குள் போன மாமா வெளியே வர நேரமானது.

“எங்காத்துல ஏசி ஆன்லயே இருந்துதுடி,” என்றார், என்னை மட்டும் பார்த்து. எழுதிக்கொண்டேன்.

கடைசி வீடு முடியும்போது சிலிண்டரில் நாற்பது நிமிடம் இருந்திருக்கும். சாவி லைன்மேன் கைக்குத் திரும்பியிருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஃபியூஸை உள்ளே அழுத்தினார். மேலே எங்கள் ஜன்னலில் மெஷின் உறுமத் தொடங்கியது.

யாரும் நகரவில்லை. மூன்று நிமிடம் ஆகியிருக்காது, தெருக்கோடியில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அது வட்டச் செயலாளரின் வீடு.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே தண்ணீரில் ஓடினார். “ஏய், மோட்டார நிறுத்துடி! தண்ணி வேணாம்! நான் குளிக்கவே மாட்டேன், போ!”

சத்தம் நின்றது. ஃபியூஸ் தாங்கியது.

ஒன்பதாவது நிமிடம் வரை கீழே நின்றுவிட்டுத்தான் மேலே போனேன். அம்மாவின் குழாயை மெஷினுக்கு மாற்றி, சிலிண்டரின் வால்வை மூடினேன். அவள் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“தங்கச்சி!” கீழிருந்து வட்டச் செயலாளரின் குரல். “அம்மாக்கு ஓடுதா?”

“ஓடுது அண்ணே!”

“அப்ப எங்க வீட்டுக்கு மோட்டாரு எப்போ?”

அட்டையைப் பார்த்தேன். “உங்களுக்கு நாலு மணிக்கு.”

“அவருக்கு முன்னாடி எனக்குப் போடு!” என்றார் மாமா.