காத்தாயி வீட்டுச் செங்கல்

இது நடந்தது. எங்கோ கேட்டதை மெருகேற்றிச் சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து வந்த துரைக்கண்ணு இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார், நடுவே பல வருட இடைவெளி விட்டு. ஒரு தடவைகூட மணி மாறியதில்லை. ஊர் திருவாரூருக்குத் தெற்கே எட்டு மைல். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது.

1973, சித்திரை மாதம். துரைக்கண்ணுவுக்கு அப்போது இருபத்தொரு வயது. தஞ்சாவூர்ச் சீமையில் கூலி ஆட்களுக்கு வீடு கட்டித் தர இளைஞர்கள் வேண்டும் என்று மலேசியாவில் ஒரு தொண்டுச் சங்கம் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன். மூன்று மாதத்தில் பத்து வீடு கட்டிவிட்டு, மாலையைப் போட்டுக்கொண்டு கப்பலேறலாம் என்று நினைத்திருந்தான், பாவம். இரண்டரை மாதத்தில் எழும்பியது ஒரே வீடு. அதுவும் மார்பளவுச் சுவரோடு நின்றது.

சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு அதிகாரி வேண்டும். அதிகாரி லீவில் இருப்பார். சரி, மண்ணையே குழைத்துக் கட்டலாம் என்றால் கொத்தனார் வைத்தியலிங்கம் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டார். கேட்டால் மச்சினன் வீட்டில் காதுகுத்து என்பார். அந்த இரண்டரை மாதத்தில் அந்த மச்சினன் வீட்டில் ஐந்து காதுகுத்து நடந்திருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி பண்ணை. கூலிக்கும் மனைக்கும் அந்த வட்டாரமே கொடியும் கோர்ட்டுமாகக் கிடந்த காலம். வீட்டு மனையைச் சுற்றிலும் பண்ணையார் வயல். அறுத்துக் காய்ந்து வெடித்துக் கிடக்கிற வயல்தான், ஆனாலும் வண்டி இறங்கினால் கேஸ். புறம்போக்கு என்று மிஞ்சியது ஒன்றரை அடி அகல வாய்க்கால் கரை மட்டும். லாரி செங்கல்லை ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போகும். அங்கிருந்து தெரு ஜனம் முப்பது பேர் கரைமேல் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி வீடு வரை கொண்டுவர வேண்டும். வரிசையில் கடைசி ஆள் துரைக்கண்ணு. ராத்திரி படுத்தால் கனவிலும் கையை நீட்டிக்கொண்டுதான் இருப்பானாம்.

வீடு காத்தாயிக்கு. மனைக்குப் பட்டா கேட்டு முதலில் மனுப் போட்டது அவள் புருஷன் அரசப்பன். ஒன்றேகால் வருடமாக அவனைக் காணோம். மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்று பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதனால் துரைக்கண்ணு வந்து இறங்கிய அன்றே காத்தாயி கேட்டுவிட்டாள்.

"தம்பி, அங்க எங்கயாச்சும் அவரப் பாத்தீங்களா? நெத்தியில வெட்டுத் தழும்பு இருக்கும், கழுத்துல வெள்ளித் தாயத்து."

"மலேசியா பெரிய நாடு, அக்கா."

"பெரிசுன்னா? திருவாரூர விடவா?"

அவளுக்கு ஒரு வீட்டையாவது கட்டித் தராமல் போகக் கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான். இப்போது அந்தச் சத்தியம்தான் கழுத்தைப் பிடித்தது. திங்கட்கிழமை தாசில்தார் பார்வையிட வருகிறார். சுவர் முழு உயரம் நின்று, மேலே கீற்றாவது வேய்ந்திருந்தால் அது வீடு, காத்தாயிக்குப் பட்டா. இல்லையென்றால் 'காலி மனை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். மனை பண்ணைக்குத் திரும்பிவிடும். இரண்டு பிள்ளைகளோடு அவள் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

முதல் கோளாறு புதன்கிழமை.

வீட்டை ஒட்டிக் கரை திரும்புகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காட்டாமணக்குப் புதர். புதருக்கு அந்தப் பக்கம், வரிசையில் அவனுக்கு முந்தின ஆளாக, தெருக்காரன் காத்தான் நிற்பான். முகம் தெரியாது. இலைகளுக்கு நடுவே இரண்டு கை செங்கல்லோடு நீளும், துரைக்கண்ணு வாங்கிக்கொள்வான். அன்றைக்கு வந்த கல் ஒன்று நனைந்திருந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

"காத்தாண்ணே, கல்ல ஏன் நனைச்சுக் குடுக்கறீங்க?"

"நானா? குடிக்கவே தண்ணி இல்ல தம்பி!"

வியாழக்கிழமை அப்படி மூன்று கல். லாரிக் கல்லை விடப் பெரியவை, பழையவை, கறுப்புச் சேறு அப்பியவை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஐந்து நிமிடம். கையில் ஒரு கல்லை வாங்கும்போதே தூரத்தில், ரோட்டுப் பக்கம், காத்தான் யாரிடமோ பீடிக்கு நெருப்பு கேட்கிற குரல் கேட்டது. அப்படியானால் இந்தக் கல்லைக் கொடுத்தது யார்? வேறு யாராவது மாற்றி நின்றிருப்பார்கள் என்று விட்டுவிட்டான். அவனுக்கு இருந்த ஆத்திரத்தில் அதற்குமேல் யோசிக்கப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை.

காலை பதினொன்று இருபதுக்குக் கல் வருவது நின்றது. ரோட்டுப் பக்கம் ஒரு ஜீப் சத்தம். கொஞ்சம் கூச்சல். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? பதினைந்து நிமிடம் பார்த்தான். அரை மணி பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. மார்பளவுச் சுவரைப் பார்க்கப் பார்க்க அழுகையே வந்துவிட்டது. ஈப்போவில் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள், போகாதே என்று. தலையில் இருந்த துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதரைப் பார்த்து ஈப்போப் பேச்சிலேயே கத்தினான்.

"ஒரு நாள் பசி பொறுக்க மாட்டீங்களா? எனக்கா வீடு? உங்க காத்தாயிக்குத்தானே! குடுங்கலா, சீக்கிரம்!"

புதர் அசைந்தது.

இரண்டு கை நீண்டன. செங்கல்லோடு.

மணி பன்னிரண்டு பத்து.

வாங்கினான். அடுக்கினான். திரும்பினால் அடுத்தது தயார். அதை வைத்துவிட்டுத் திரும்பினால் அதற்கடுத்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு வேகத்தை அவன் பார்த்ததில்லை. திட்டினால்தான் வேலை நடக்கும்போல என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. அத்தனையும் ஈரக் கல். பெரிய கல். இருக்கட்டும், கல் கல்தானே!

பன்னிரண்டு நாற்பது.

ஒன்று உறைத்தது. வரிசை என்றால் பேச்சு இருக்கும். இந்தா, பிடி, கால் பார்த்து என்று யாராவது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்கு ஒரு குரல் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம்...

சொட்... சொட்... சொட்...

"காத்தாண்ணே?"

கல் மட்டும் வந்தது.

அப்போதுதான் கையைச் சரியாகப் பார்த்தான்.

காத்தானுடைய கை கறுத்து முறுக்கேறிய கை. இது வெளுத்திருந்தது. நாள் கணக்கில் தண்ணீரில் ஊறியதுபோல் தோல் சுருங்கியிருந்தது. நகக்கண் ஒவ்வொன்றிலும் கறுப்புச் சேறு.

வாங்கினான். வாங்காமல் நிறுத்தப் பயமாக இருந்தது.

ஒன்று ஐந்து.

வேகம் கூடியது. அடுக்க நேரமில்லை. காலடியில் போட்டான்.

"போதும்..."

நிற்கவில்லை.

"போதும்! நிறுத்துங்க!"

ஒன்று இருபத்தைந்து. துரைக்கண்ணு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

புதரில் அந்தக் கைகள் கல்லை நீட்டியபடியே நின்றன.

நடுங்கின.

பின்வாங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு புதரை இரண்டு பக்கமும் விலக்கினான். திறந்தான்.

யாரும் இல்லை.

கரை முழுக்க, ரோடு வரை, ஓர் ஈ காக்கை இல்லை.

கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கிணறு. சிறிய உறைகிணறு, ஒரு ஆள் இறங்குகிற அகலம்தான். உள்ளே இருட்டு. கால் இடறி ஒரு மண்ணாங்கட்டி உள்ளே விழுந்தது...

ஒரு யுகம் போலிருந்தது, பிறகு 'தொபுக்'.

ஓடினான்.

ரோட்டை எட்டும்போது மணி ஒன்று நாற்பது. எதிரே வீரையன் வந்துகொண்டிருந்தார், தெருவில் பொறுப்பான மனிதர். பின்னால் காத்தாயியும் மற்றவர்களும். எல்லோர் முகமும் இருண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க தம்பி. கொடி நட்ட கேஸுன்னு காத்தானையும் இன்னும் மூணு பேரையும் ஜீப்புல ஏத்திட்டான். நாங்க அம்புட்டுப் பேரும் ஸ்டேஷன் வாசல்லதான் நின்னோம்."

"எப்பலேர்ந்து?"

"பதினொன்ற இருக்கும். ஏன் தம்பி இப்புடி நனைஞ்சிருக்கீங்க?"

ரோட்டோரம் லாரிக் கல் கொட்டியது கொட்டியபடி கிடந்தது.

துரைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரு கொத்தனும் அந்தக் கல்லைத் தொட மாட்டான், திங்கட்கிழமை காத்தாயிக்கு வீடு இருக்காது. பேய்ப் பயத்தை விட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. ஞாயிறு காலை வைத்தியலிங்கத்தை வீட்டுக்கே போய் இழுத்து வந்தான். அவர் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பண்ணையில பழைய மாட்டுக்கொட்டாய் இடிச்ச கல்லு மாதிரி இருக்கே. எங்க புடிச்ச?"

"கிடைச்சுது. கட்டுங்க."

இருட்டுவதற்குள் சுவர் எழும்பிவிட்டது. விடிவதற்குள் கீற்று ஏறிவிட்டது. திங்கட்கிழமை பத்தரைக்குத் தாசில்தார் வந்தார், குனிந்து உள்ளே போனார், 'குடியிருப்பு உள்ளது' என்று எழுதினார். காத்தாயி சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை காத்தான் ஜாமீனில் வந்தான். துரைக்கண்ணு அவனைத் தனியே கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்று சொன்னான்.

"புதருக்குப் பின்னால கிணறு தொறந்து கிடக்கு, அண்ணே. பிள்ளைங்க விழுந்துடும். மூடணும்."

காத்தான் சிரித்தான்.

"கெணறா? அத போன வருசம் தை மாசமே பண்ணையில தூத்துட்டாங்களே தம்பி. கன்னுக்குட்டி விழுதுன்னு செங்கல்லப் போட்டு மட்டம் பண்ணிட்டாங்க. அதுமேல நின்னுதானே நான் தெனம் ஒங்களுக்குக் கல்லு குடுத்தேன்."

சொல்லிவிட்டு அவனே சிரிப்பை நிறுத்தினான். தை மாதம்தான் அரசப்பன் காணாமல் போனது.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் கிணற்றில் ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை.

தெருவே திரண்டது. இடுப்பில் கயிறு கட்டி வீரையன் இறங்கினார். பதினைந்து அடி. கீழே சேற்றைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"காத்தாயி... வெள்ளித் தாயத்து கெடக்கு. அவன்தான்."

மேலே வந்ததும் சொன்னார். அந்தக் குறுகலில் ஆள் நின்றபடியே சேற்றில் புதைந்திருக்கிறானாம். கை இரண்டும் தலைக்கு மேலே தூக்கி இருக்கிறதாம். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரே ஒரு செங்கல் இருந்ததாம். அதை வீரையன் எடுத்து வந்திருந்தார்.

காத்தாயி அழவில்லை. அந்தக் கல்லை வாங்கி முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். நேராகத் துரைக்கண்ணுவிடம் வந்தாள். அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை.

"பாவம், எம்புட்டு நேரமா நீட்டிக்கிட்டு நிக்கிறாரு," என்றாள். "இதையும் வாங்கிக்கங்க தம்பி."