பச்சை வெளிச்சம் வடக்கால வரும்

அந்த வெள்ளி நாணயம் என் கைக்கு வந்தது பெரியகல்லாற்றில் ஒரு சாவு வீட்டில். தகப்பனின் காரியத்துக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கட அண்ணன் தந்துவிட்டவர்" என்று ஒரு கடிதத்தையும், கைக்குட்டையில் சுற்றிய ஒன்றையும் தந்தார்.

அண்ணன் அப்போது அந்த நாட்டின் வட கோடியில், ஒரு சுரங்கத்தின் சமையலறையில் வேலை செய்தான். அவன் போய்ப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்ததால் ஊருக்கு வர வழியில்லை.

கைக்குட்டையை அவிழ்த்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நாணயம். ஒரு பக்கம் மகாராணியின் தலை. மறு பக்கம் பனி மூடிய மலை, ஊசி மரங்கள், அவற்றுக்கு மேலே வானம். அந்த வானத்தில் மட்டும் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள், காற்றில் அலையும் சேலைத் தலைப்பைப்போல. ஐந்து வருடம் வேலை செய்தவர்களுக்குச் சுரங்கத்தில் கொடுத்த பரிசாம். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தான்.

அம்மா இருந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். புளியந்தீவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து போய்வந்தேன். சமாதான ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. பாலத்தடியில் ராணுவத்தின் சோதனைச் சாவடி. அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் சாவடி. இரண்டு பக்கமும் பையைத் திறந்து காட்டியே பழகிவிட்டதால், நாணயத்தையோ கடிதத்தையோ ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருந்தேன். அதில் அரசியல் ஒரு சொல்கூட இல்லை.

அன்று காலை பஸ்ஸால் இறங்கி, பெண்களைச் சோதிக்கும் மறைப்புக்குள் போனேன். பெண் சிப்பாய் பைக்குள் கையை விட்டு நாணயத்தை எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். சிங்களத்தில் ஏதோ கேட்டாள். "அண்ணன் அனுப்பின காசு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நாணயத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்னால் வரச் சொல்லிக் கையசைத்தாள். திரும்பிப் பார்த்தபோது பஸ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

தகரக் கூரை போட்ட ஓர் அறை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர். அவர்தான் கடிதத்தை வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். ஓர் இடத்தில் நிறுத்தினார். அந்த வரியைத் தமிழிலேயே எனக்கு உரக்க வாசித்தார்.

"பச்சை வெளிச்சம் வடக்கால வரும். முதல்ல மெல்லிசா ஒரு கோடு தெரியும். பிறகு வானம் முழுக்கப் பத்தும். இந்த மாசம் கட்டாயம் வரும் எண்டு சொல்றாங்க. அம்மாட்டச் சொல்லு."

அறையில் அதே வரி வேறொரு கடிதத்தின் வரியாக ஒலித்தது.

"வடக்கால என்ன வருது, தங்கச்சி?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"வெளிச்சம் சேர். துருவ ஒளி."

"துருவம் எண்டா?"

"பூமிட உச்சி. வடக்கு முனை."

அவர் அதிகாரியிடம் சொன்னதில் 'உதுர' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. உதுர என்றால் வடக்கு. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் நாட்டில் வடக்கு என்றால் அப்போது ஒரே அர்த்தம்தான், இயக்கம்.

"அம்மாட்ட ஏன் சொல்லச் சொல்றார்? அம்மா ஆரிட்டச் சொல்லுவா?"

"அம்மா ஆரிட்டயும் சொல்லமாட்டா சேர். அவ வயல் வட்டையில வேலை செய்யிற மனிசி."

அதிகாரி பேனாக்கத்தியால் பிளாஸ்டிக் கூட்டை நெம்பினார். கத்தி வழுக்கி, பச்சை வானத்தின் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நாணயத்தை மேசையில் தட்டிப் பார்த்தார். என்னை ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு எங்கேயோ வயர்லெஸ்ஸில் பேசப் போனார். முந்தைய மாதம் இதே மாதிரி ஒரு துண்டுக் காகிதத்துக்காக பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஒருவர் இன்னும் வீடு வரவில்லை. நான் வந்த பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் விடாய்த்தது. கேட்கப் பயமாக இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது நான் எழுந்து, பையிலிருந்த சோக்கை எடுத்து மேசையின் மேல் ஒரு வட்டம் கீறினேன். யாரும் தடுக்கவில்லை. அது பூமி. தூரத்தில் இன்னொரு வட்டம், சூரியன். அங்கிருந்து புள்ளி புள்ளியாகப் பூமியின் உச்சிக்குக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நேரே அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். சூரியனிலிருந்து துகள் வருகிறது. காற்றில் மோதுகிறது. பச்சையாக ஒளிர்கிறது. குண்டு இல்லை. ஆள் இல்லை. சோக்கு இரண்டு தரம் முறிந்தது.

அதிகாரி நாணயத்தைத் திருப்பி, விளிம்பில் பொறித்திருந்த நாட்டின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ இதைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை சேர். படத்தில்தான்."

அவர் நாணயத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். நான் அதைக் கேட்கவில்லை. பொலிஸ்காரர் வாசல்வரை வந்து, "இனி வானத்தப் பத்தி எழுத வேணாம் எண்டு அண்ணனுக்குச் சொல்லுங்க தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார்.

வெயிலில் நடந்து அடுத்த சாவடிக்குப் போனபோது, அங்கே துப்பாக்கியோடு நின்ற பெண்ணுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மூண்டு மணித்தியாலம் உள்ள இருந்திருக்கிறீங்க ரீச்சர். என்ன கேட்டவங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சோக்கால் கீறியதையும் சொன்னேன். அவள் நாணயத்தைப் புரட்டி மகாராணியின் தலையை வெகுநேரம் பார்த்தாள். என் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு சாவடியிலும் என் பையை மற்றவர்களின் பையைவிட அதிக நேரம் சோதித்தார்கள்.

அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. கையைச் சேலையில் துடைத்துவிட்டு நாணயத்தை வாங்கினா. நடந்தது எதையும் நான் சொல்லவில்லை. அவ அந்தப் பச்சை வானத்தைப் பார்த்தா. முகம் மாறியது.

"என்ன புள்ள இது? கொண்ணன் இரிக்கிற இடத்திலயும் பரா அடிக்கிறாங்களா?"

இராணுவம் வானத்தில் ஏவும் வெளிச்சக் குண்டைத்தான் நாங்கள் பரா என்போம். பராவைக் கண்டால் அடுத்தது ஷெல் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"இல்லம்மா, அது தானா வாற வெளிச்சம். ஒருத்தரும் அடிக்கிறல்ல."

"தானா எப்பிடி வரும்? என்னட்ட மறைக்காத. கடிதம் எங்க?"

"கடிதம் நனைஞ்சு கிழிஞ்சு போயிற்று."

அவ அழத் தொடங்கினா. சத்தமில்லாத அழுகை. வானத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அவ நம்பப் போவதில்லை என்று விளங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"வருசம் முடிய வாறன் எண்டு எழுதியிருந்தவர் அம்மா."

அழுகை நின்றது. "மெய்யா?" என்று கேட்டா. "ஓம்" என்றேன்.

அடுத்த கிழமை தொலைபேசிக் கடையிலிருந்து அண்ணனுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில் கோபப்பட்டான். "வழக்கு முடியாம நான் எப்பிடி வாறது? ஏன் அப்பிடிச் சொன்னாய்?" கடைசியில், "நான் எழுதின கடிதத்தாலதானே" என்று சொல்லி வைத்துவிட்டான். அதன் பின் வந்த கடிதங்களில் சுகம் விசாரிப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

வருசம் முடிந்தது. அவன் வரவில்லை. அம்மா என்னைக் கேட்கவுமில்லை. மறுபடி சண்டை மூண்டு படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது நாணயத்தைச் சட்டைக்குள் தைத்துக்கொண்டு வாவி கடந்து வந்தா. முகாமில் பக்கத்துக் கூடாரத்துப் பெண்களிடம், "இது என்ட மகன்ட ஊரு" என்று காட்டுவா.

வெடிச்சத்தம் எல்லாம் ஓய்ந்த பின்னர், வழக்கும் முடிந்து, கையில் கடவுச்சீட்டோடு அண்ணன் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. மாரி மழை, வீட்டைச் சுற்றித் தண்ணீர். வந்து நின்ற இரண்டு கிழமையில் பாதியை அவன் நித்திரையிலேயே கழித்தான். அம்மா பக்கத்தில் பாயில் இருந்து, அவனை யாரும் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொண்டா.