மூச்சுக்கு வைத்த டியூசன்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. அதை என் மகளின் வயிற்றின் மேல் வைத்தார் ஸ்கேன் டெக்னீசியன். அவள் மூச்சை இழுக்கும்போது பெட்டி ஏறியது, விடும்போது இறங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்ற அறையில் அந்த ஏற்ற இறக்கம் திரையில் ஒரு கோடாக ஓடியது. விடைத்தாளைப் பார்ப்பதுபோல அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வலது நுரையீரலின் அடியில், மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் நகரும் இடத்தில் ஒரு கட்டி. அறுவை செய்ய முடியாத இடம், கதிர்வீச்சுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன், கட்டி எங்கிருந்து எங்குவரை நகர்கிறது என்று படம் எடுத்தாக வேண்டும். அந்தப் படம் பல மூச்சுகளில் துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பது. ஒரு மூச்சு பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருந்தால் துண்டுகள் பொருந்தாது. பொருந்தாத படத்தை நம்பிக் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டால், கட்டியின் ஓரம் தப்பிவிடும். இல்லையென்றால் நல்ல நுரையீரலும் ஈரலும் சேர்ந்து வேகும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், நகை போடக்கூடாது, பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஸ்கேனுக்கு மூச்சு முக்கியம் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நான் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எதையாவது முக்கியம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்குப் பயிற்சி உண்டு. தச்சநல்லூர் வீட்டில் ஒரு வாரம், காலையும் மாலையும் அவளைப் பாயில் படுக்கவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நல்ல ஆழமான மூச்சுக்குப் பழக்கினேன். நுரையீரலுக்கு அடியில் ஏறி இறங்கும் உதரவிதானத்தின் படம்கூட வரைந்து காட்டினேன். "போதும்மா" என்பாள். "இன்னும் அஞ்சு தடவ" என்பேன்.

ஸ்கேன் அன்று முதல் தடவை ஓட்டி முடித்ததும் டெக்னீசியன் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நாற்பது வயது இருக்கும், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிறவர். குடையின் மேற்புறம்போல வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் ஆற்றுப் படித்துறைபோலப் படி படியாக இருந்தது. கட்டி இரண்டு துண்டாகத் தெரிந்தது.

"டீச்சர், வீட்ல பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

சொன்னேன்.

"இதுக்குமா டியூசன்?" என்றார். சிரிக்கவில்லை. "பஸ்ல சன்னலோரம் உக்காந்து வாரப்ப பிள்ள எப்படி மூச்சு விடுமோ, அதான் எனக்கு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "மைக்கக் குடுங்க. நான் சொன்னா கேப்பா" என்றேன். தள்ளி நின்றார். சாதாரணமாக விடு, அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். கோடு ரம்பப் பல்லாக மாறியது. "அப்படி இல்லட்டி" என்றேன். இன்னும் மோசமானது. இரண்டாவது படமும் வீண். ஒவ்வொரு தடவையும் அந்த உடம்புக்குள் இன்னும் கொஞ்சம் கதிர் போகிறது. வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "எத்தன தடவ என் பிள்ளைக்கு இத ஓட்டுவிய?" என்று கத்தினேன்.

"நீங்க வெளிய போற வரைக்கும்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர்மேல் ஒரு புகார்க் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்தேன். பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, நான்கு பத்தி. அரைமணி நேரம் கழித்து டெக்னீசியன் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். திரையில் கோடு ஒரே அளவு அலைகளாக இருந்தது. உதரவிதானம் முழு வளைவாக, கட்டி ஒரே உருண்டையாகத் தெரிந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. வெளக்கக் கொறச்சுட்டு, சும்மா கெட தாயின்னு விட்டுட்டேன். கண்ணசந்துட்டா. பைய ஓட்டி எடுத்துட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எம்மா, நீ நின்னா நல்லா விடணும்னு தோணுது. அதான் வரமாட்டேங்கு." குறையாகச் சொல்லவில்லை. அவள் சின்ன வயதிலிருந்து வாங்கிவந்த மார்க்குகள் எல்லாம் எனக்கு ஒரு நொடி வேறு மாதிரி தெரிந்தன.

கதிர்வீச்சு முடிந்து அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கடைசி இரண்டு சோதனைகளிலும் கட்டி வளரவில்லை. அந்த டெக்னீசியன் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அனுப்பாத அந்தப் புகார்க் கடிதம் வரிக்கு வரி நினைவிருக்கிறது. நன்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்குமேல் பேனா ஓடுவதில்லை.

வரும் வியாழக்கிழமை அடுத்த ஸ்கேன்.

"நான் தனியாப் போயிக்கிடுதேன்" என்றாள் நேற்று.

"உள்ள வரல. வராந்தாவுல இருக்கேன்."

"வராந்தா வேண்டாம்."

"மாடிப்படிகிட்ட?"

"ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட நில்லு."

"கேட்டுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வெளிப்பக்கம். எதுத்தாப்புல டீக்கடை இருக்குல்லா, அங்கன நில்லு."

சரி என்றேன்.