முனீஸ்வரன் குதிரை பார்த்த பக்கம்

டாலாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புறம்போக்கில் குதிரைகள் திரிகின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. மோட்டார் வண்டிகள் வந்து குதிரைவண்டிக்கு வேலை இல்லாமல் போனபோது வண்டிக்காரர்கள் புண்ணியத்துக்கு அவிழ்த்துவிட்டவை. அப்படி விட்ட உயிரை மறுபடி யாரும் கட்டக்கூடாது என்பது பர்மியர் வழக்கம். இங்கேயே பிறந்த குட்டிகள் கயிற்றைக் கண்டதே இல்லை. ஆள் கிட்டே போனால் ஓட்டம்தான். நான் ஆற்றுக்கு அப்பால் நகரத்தில், கியாக்டடாவில் ஆபீஸ் வேலை முடிந்து, படகில் இக்கரை வந்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். என் நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

என் அண்ணனுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவர் பால்மாடு வைத்திருப்பவர். கோடையில் டாலாவில் தண்ணீருக்குப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. புறம்போக்கில் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். குதிரைகள் புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டுக் குளத்தையும் கலக்குகின்றன என்று மற்ற மாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மாடுகள் போய்வர மட்டும் ஒரு படல் விட்டு, குளத்தையும் மேற்கே நல்ல புல் இருக்கும் இடத்தையும் சுற்றி முள்கம்பி அடித்துவிட்டார். பொது நிலத்தை வளைக்க இவர் யார்? கேட்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது. ஒரு செம்பழுப்புக் குட்டி கம்பிக்குள் நுழையப் பார்த்து மார்பைக் கிழித்துக்கொண்டது. ரத்தம் காய்ந்த மார்போடு வெளியே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பர்மியப் பெண்ணான அண்ணி வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "விட்ட உசிரைத் தாகத்துல நிறுத்துனா நம்ம குடோ எல்லாம் போயிரும்" என்று அண்ணனிடம் சொன்னாள். குடோ என்றால் புண்ணியம். அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலிக்குக் காவல் வேண்டுமே என்று அவர் ஒரு காரியம் செய்தார். மரத்தடியில் வேல் நட்ட கல்லாக இருக்கும் எங்கள் முனீஸ்வரனுக்கு மண்குதிரை ஒன்று செய்து வைத்தார். வேலியும் குளமும் சாமியின் கண்ணில் இருக்கட்டும் என்று அதை அந்தப் பக்கம் பார்க்க வைத்து, பொங்கலும் வைத்தார். நானும் போய்க் கும்பிட்டேன். கற்பூரம் எரியும்போதுதான் எனக்கு உறைத்தது.

முனீஸ்வரன் வேட்டைக்குப் போகும் வழியை யாரும் மறிக்கமாட்டார்கள். குதிரை பார்க்கும் பக்கம் நேரே படுக்கப் பாய்கூடப் போடமாட்டார்கள். இதில் எங்கள் அண்ணனைப் போல் கறாரான ஆள் கிடையாது. முன்பு பக்கத்து வீட்டார் கல்லுக்கு நேரே துணிக்கொடிக்குக் கம்பம் நட்டபோது சண்டைபிடித்துப் பிடுங்க வைத்தவர் அவர்.

"அண்ணே, குதிரையைக் கொண்டாந்து வச்சிட்டு அது போற வழியில முள்கம்பியைக் கட்டியிருக்கீங்களே. சாமி எப்படிப் போகும்?"

அவர் குதிரையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாட்டுக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"குதிரையைத் திருப்பி வச்சா என்ன?" என்றார் ஒருவர்.

"பூசை போட்டாச்சுய்யா. இனி அசைக்கக் கூடாது" என்றார் அண்ணன், என்னை முறைத்துக்கொண்டே.

அன்று சாயங்காலமே குதிரைக்கு நேரே இருந்த கம்பிகளை அவரே வெட்டிச் சுருட்டினார். முதலில் வந்தது மார்பு கிழிந்த குட்டி. மண்குதிரையை முகர்ந்து பார்த்துவிட்டு நேராகக் குளத்துக்குப் போய் வயிறு முட்டக் குடித்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குளம் ஒன்றும் வற்றிவிடவில்லை. மாடுகளும் இப்போது அதே வழியாகத்தான் போகின்றன. நல்ல புல் இருக்கும் மேற்குப் பக்கத்தில் மட்டும் வேலி அப்படியே நின்றது.

போன வாரம் அண்ணனின் பசு நல்லபடியாகக் கன்று போட்டது. வேண்டிக்கொண்டபடி இன்னொரு மண்குதிரை வாங்கி வந்தார். கல்லருகில் அதைச் சுமந்துகொண்டு வெகுநேரம் நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

"இதை எந்தப் பக்கம் பாத்து வைக்கலாம், நீயே சொல்லு."

நான் மேற்கே கையைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். குதிரையை மேற்கே பார்க்க வைத்துவிட்டு, கம்பி வெட்டும் குறடு எடுத்துவர வீட்டுக்கு நடந்தார்.